ஏழாம் அத்தியாயத்தின் இரண்டு பக்கங்கள்

நுகாதா ஷோசாகுவின் படக்கதைகளைத் தன்னைவிட நன்றாகப் படித்தவர் டோக்கியோவில் யாரும் இல்லை என்று கிரியாமா ஃபுசாயெ நம்பினாள். டோக்கியோவில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கப் போகிறார்கள். நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு தன்னம்பிக்கை இருந்தால் ஊர் அதைத் திமிர் என்றுதான் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகளுக்குப் பின்னால், ஒரு கறிச்சோற்றுக் கடையின் மாடியில் அவளுடைய பதிப்பகம் இருந்தது. அங்கிருந்துதான் நுகாதாவின் முழுத் தொகுப்பைப் பன்னிரண்டு பாகங்களாகக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். நான்கு பாகங்கள் வந்துவிட்டன. ஐந்தாவது பாகம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

நுகாதா படம் வரைபவர் அல்ல, எழுதுபவர். அவர் எழுதிக் கொடுக்க, ஹட்டா என்ற ஓவியர் வரைவார். எழுதியதெல்லாம் கனவில் நடப்பதுபோல இருக்கும். 'குடைகளுக்கு ஓய்வூதியம்' என்ற கதையில் ரயிலில் தொலைந்த குடைகள் எல்லாம் மாதக் கடைசியில் நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்கும். 'தபால்காரரின் முழங்கால்' கதையில், தபால்காரர் காய்ச்சலில் படுத்த நாளில் அவருடைய முழங்கால் மட்டும் எழுந்து போய்க் கடிதங்களைக் கொடுத்துவிட்டு வரும். இதெல்லாம் என்ன கிறுக்குத்தனம் என்று கேட்பவர்களோடு ஃபுசாயெ வாதாடுவதில்லை. "போன வருஷம் நீங்க வாங்கின குடை இப்போ எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். யாருக்கும் தெரியாது. "அதுக்கும் வயிறு இருக்குமில்ல?" என்பாள். கேட்டவர்களில் பாதிப் பேர் அன்றே ஒரு பாகம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த எழுத்துக்கெல்லாம் சிகரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது 'மூன்றாம் மாடிக் கடல்'. அரசுக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தால் கடல் இருக்கும். குடியிருப்பவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு சமைப்பார்கள், குளிப்பார்கள், தூங்குவார்கள். இரண்டாம் மாடிக்காரர்களின் கூரையிலிருந்து சிப்பி விழும். சிகரத்துக்கும் உச்சி என்றால் அது ஏழாம் அத்தியாயம். அதில் ஒரு கணவனும் மனைவியும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்கிறார்கள். கணவன் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "தங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம்" என்கிறான். மனைவி சோறு போட்டுக்கொண்டே, "இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்கிறாள். "கஷ்டப்படாம போனாரா?" என்கிறான் அவன். "கடைசி வரைக்கும் ஒரு சத்தம் இல்ல" என்கிறாள் அவள். மூன்று பக்கம் தள்ளி ஒரு சாவு வீடு வருகிறது. அங்கே ஊதுபத்திக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் விதவை, "ஜன்னலை யாரு திறந்து வச்சது?" என்று கேட்கிறாள். குருக்கள், "உப்பு கம்மி" என்கிறார். கறுப்பு உடை போட்ட பக்கத்து வீட்டுக்காரி, "மிச்சத்தை மூடி வையி" என்கிறாள்.

அந்த இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டு விவாகரத்தைக் கைவிட்டவர்களும் உண்டு, விவாகரத்து செய்தவர்களும் உண்டு. வாசகர் கடிதங்களிலிருந்து ஃபுசாயெவுக்கு இது தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் அது 'பகல்நிலா' மாத இதழில் வந்தபோது, அங்கே உதவி ஆசிரியையாக இருந்து உறைகளைப் பிரித்தவளே அவள்தான்.

திங்கட்கிழமை மதியம் இபுகி கோஹெய் வந்தான். பல்கலைக்கழக விரிவுரையாளன், முப்பத்திரண்டு வயது. ஐந்தாம் பாகத்துக்கு முடிவுரை எழுதிக் கொடுத்திருந்தவன் அவன்தான். அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி மட்டுமே மூன்று அத்தியாயங்கள் கொண்ட ஒரு புத்தகமும் எழுதியிருந்தான். முகம் பேயறைந்ததுபோல இருந்தது. நெஞ்சோடு ஒரு பெரிய காகித உறையை அணைத்துப் பிடித்திருந்தான்.

"கிரியாமா சான், ஹட்டா சாரோட வீட்டம்மா இதைக் குடுத்தாங்க. அலமாரி மேல இருந்துதாம். ஏழாம் அத்தியாயத்தோட மூலப் படங்க. இருபத்தஞ்சு வருஷமா யாரும் பிரிக்கல."

"நல்லதாப் போச்சு. புதுசா நெகடிவ் எடுத்துடலாம்."

"முதல்ல பாருங்க."

மேசையைத் துடைத்துவிட்டு உறையைக் கவிழ்த்தான். தடித்த அட்டைகள் வந்தன. கூடவே நெல் உமி மாதிரி குட்டிக் குட்டியாக வெள்ளைத் தாள் துண்டுகளும் கொட்டின. அந்தக் காலத்தில் வசனங்களைத் தனியாக அச்செழுத்தில் எடுத்து, துண்டு துண்டாகக் கத்தரித்து, படத்தில் பேசுபவர் வாயருகே வரைந்திருக்கும் பலூன்களுக்குள் பசை தடவி ஒட்டுவார்கள். பசை காய்ந்து எல்லாம் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. எந்த பலூனில் எந்த வசனம் வர வேண்டும் என்று ஒட்டுபவருக்குத் தெரிவதற்காக ஓவியர் முன்கூட்டியே எழுதி வைப்பது அது.

சாப்பாட்டுப் பக்கத்தின் பலூன்களில் பென்சிலில், 'ஜன்னலை யாரு திறந்து வச்சது?' 'உப்பு கம்மி.' 'மிச்சத்தை மூடி வையி.' சாவு வீட்டுப் பக்கத்தின் பலூன்களில் இரங்கல் வார்த்தைகள். அந்தப் பக்கத்தில் ஒன்பது பலூன், இந்தப் பக்கத்திலும் ஒன்பது பலூன்.

"மாத்தி ஒட்டியிருக்காங்க," என்றான் இபுகி. "நுகாதா சென்செய் எழுதினது சாதாரணமா, எல்லா வீட்டுலயும் நடக்கற மாதிரி ஒரு சாப்பாடு. சாதாரணமா ஒரு சாவு வீடு. பத்திரிகை ஆபீஸ்ல எவனோ ஒரு முட்டாள் ரெண்டு பக்கத்துத் துண்டையும் மாத்தி ஒட்டிட்டான்."

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்ததற்கு அவன் மூன்று அத்தியாயம் விளக்கம் எழுதியிருக்கிறான். பாவம், அவனுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்.

"எவனோ இல்ல," என்றாள் ஃபுசாயெ. "அந்த முட்டாள் நான்தான்."

இபுகி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளிடம் எப்போதும் இருந்ததில்லை. இருபத்தைந்து வருஷமாக யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான். எழுபத்து மூன்று ஜூன் மாதம், காலை பதினோரு மணி. அச்சகத்து ஆள் வாசலில் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நின்றுகொண்டு, "ஆச்சாம்மா, ஆச்சாம்மா" என்று உயிரை எடுத்தான். வெயிலில் பசை கெட்டிப்பட்டது. அவள் கத்தரித்தாள், ஒட்டினாள், உறையில் போட்டுக் கொடுத்தாள். இதழ் வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேலை போயிற்று என்று நினைத்து மேசை இழுப்பறையைக்கூடக் காலி செய்துவிட்டாள். ஆசிரியர் குசுனோசெ மூன்று நாள் கழித்து அவள் மேசைப் பக்கம் வந்து, "இந்த மாசம் சென்செய் எங்கேயோ போயிட்டார், பாத்தியா" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அப்புறம் கடிதங்கள் மூட்டையாக வந்தன. தன் எழுத்து அச்சான பிறகு நுகாதா அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது ஊரறிந்த கதை. 'அச்சானா முடிஞ்சுது, அப்புறம் அது பொணம்' என்று ஒரு பேட்டியில்கூடச் சொல்லியிருந்தார். ஆக அவருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ என்ன பண்றது?" என்று கேட்டான் இபுகி.

"என்ன பண்றதுன்னா? அச்சுல வந்தபடியேதான் போடணும். உலகம் படிச்சது அதைத்தான். பின்னாடி ஒரு குறிப்பு எழுதி, நடந்தது இது, பண்ணினது நான்னு சொல்லிடறேன்."

"முழுத் தொகுப்புன்னு போட்டிருக்கீங்க. ஆசிரியர் எழுதினதைத்தானே போடணும்? பென்சில்ல இருக்கறதுதான் அவர் எழுதினது."

"அது சுமாரா இருக்கு."

"சுமாரா இருந்தாலும் அவருது." இபுகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நல்ல பையன், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அவரு எழுதினதுலயே பெரிசுன்னு எல்லாரும் சொல்றது நீங்க பண்ணினது. அதைக் காப்பாத்தணும்னு நீங்க சொல்றது அவருக்காகவா, உங்களுக்காகவா?"

ஃபுசாயெவுக்குச் சுருக்கென்றது. அவனை அனுப்பிவிட்டு வெகுநேரம் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டது அநியாயம் இல்லை. தான் இத்தனை வருஷம் நேசித்தது நுகாதாவின் எழுத்தையா, அல்லது அதில் ஒட்டிக்கொண்டிருந்த தன் கைவேலையையா? இது தெரியாமல் அவளால் ஐந்தாம் பாகத்தில் கையெழுத்துப் போட முடியாது. ஐந்தாம் பாகம் என்ன, மிச்ச ஏழு பாகங்களையும் தொட முடியாது.

சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் திற என்பது அவளுடைய வழக்கம். செவ்வாயும் புதனும் தொலைபேசியை எடுக்காமல், நுகாதா எழுதிய நாற்பத்தோரு தலைப்புகளையும் வந்த வரிசையிலேயே படித்தாள். கீழே கடையிலிருந்து கறிச்சோறு மட்டும் மாடிக்கு வந்தது. இதற்குமுன் அவள் துண்டு துண்டாகத்தான் படித்திருந்தாள். பிழை திருத்தப் படித்தாள், விளம்பரத்துக்கு வரி தேடப் படித்தாள், சண்டை போடப் படித்தாள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தது இதுதான் முதல் தடவை. எல்லோரையும்விட நன்றாகப் படித்தவள் என்று மார்தட்டிக்கொண்டவளுக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

புதன் சாயங்காலம் அவளுக்குப் பிடிபட்டது. ஏழாம் அத்தியாயத்துக்கு முன்னால் நுகாதாவின் விசித்திரமெல்லாம் பொருள்களில் இருந்தது. குடை நடந்தது, முழங்கால் நடந்தது, கடல் மாடியேறியது. மனிதர்கள் மட்டும் எல்லா வீட்டு மனிதர்களையும்போலவே பேசினார்கள். அந்த அத்தியாயத்துக்குப் பிறகு பொருள்கள் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. 'பல் மருத்துவரின் ஞாயிறு' கதையில் மருத்துவர் "எங்க வலிக்குது?" என்று கேட்கிறார். நோயாளி, இருபது வருஷத்துக்கு முன் ரயில் நிலையத்தில் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சொல்கிறான். 'தவறிய வாக்கியங்கள் இலாகா' கதையில், தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்த வார்த்தைகளைக் குமாஸ்தாக்கள் பிரித்து அடுக்குகிறார்கள். உரியவர்களின் விலாசம் தெரிந்தும் ஒருவனும் அனுப்புவதில்லை. கடைசியாக எழுதிய 'அவரை' இருநூறு பக்கம். வயதான தம்பதி அவரைக்காய் உரிப்பதைத் தவிர அதில் ஒன்றும் நடப்பதில்லை. பறக்கிற மீன் கிடையாது, பேசுகிற கதவு கிடையாது. அவர் எழுதியதிலேயே முதுகு சில்லிட வைப்பது அதுதான். ஏனென்றால் அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைச் சரியாக, அந்தந்த நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள்.

ஏழாம் அத்தியாயத்தைப் பார்க்காத ஒருவர் இதையெல்லாம் எழுதியிருக்க முடியாது. நுகாதா பார்த்திருக்கிறார். ஃபுசாயெவுக்கு இதில் துளி சந்தேகமும் இல்லை.

வியாழக்கிழமை காலை நுகாதா இருக்கும் தொகோரொஸாவாவுக்கு ரயில் ஏறினாள். கையில் அந்த உறையும், தான் எழுதிவைத்த அரைப்பக்கக் குறிப்பும் இருந்தன. 'இந்த இரண்டு பக்கங்களின் வசனங்களை மாற்றி ஒட்டியது நான். கிரியாமா ஃபுசாயெ.' மடியில் கனமில்லை, அதனால் வழியில் பயமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும், அவர் எதைப் போடச் சொல்கிறாரோ அதைப் போட வேண்டும். அவர் பென்சில் வசனத்தைத்தான் போடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே போட வேண்டும்.

நுகாதா இருந்ததும் ஓர் அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடிதான். அறுபத்தாறு வயது, உடம்பெல்லாம் எலும்பு, மீசை மட்டும் கொழுத்திருந்தது. மேசைக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு நாளிதழில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தார். பால்கனியில் அவருடைய மனைவி ஹருயோ மெத்தைகளைக் கம்பியில் போட்டு மூங்கில் மட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள். தொப், தொப் என்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

ஃபுசாயெ சுற்றி வளைக்கவில்லை. அட்டைகளை மேசைமேல் வைத்தாள், குறிப்பை வைத்தாள், கை இரண்டையும் பாயில் ஊன்றி நெற்றி தொடக் குனிந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் லேட்டு. மன்னிச்சிடுங்க, சென்செய்."

நுகாதா அட்டையைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." தொப், தொப். "முடிவெட்டற கடையில பாத்தேன். முறை வரட்டும்னு உக்காந்திருந்தேன், பக்கத்துல இருந்தவன் படிச்சிட்டு அழுதுட்டிருந்தான். என்னடா அழறான், நாம சிரிக்கத்தானே எழுதினோம்னு வாங்கிப் பாத்தேன். யாரோ ஒட்டினதுல கோட்டை விட்டிருக்காங்கன்னு அப்பவே புரிஞ்சுது. சண்டைக்குன்னுதான் கிளம்பினேன். பத்திரிகை ஆபீசுக்குப் போய் மேசையைப் புரட்டணும்னு."

"ஏன் வரல?"

மெத்தை அடிக்கிற சத்தம் நின்றது. நுகாதாவும் பேச்சை நிறுத்தினார். ராசிபலனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார். வெளியே மெத்தையைத் திருப்பிப் போட்டு மறுபடி தொப் என்று ஆரம்பித்ததும் தாளை இறக்கினார். ஜப்பானின் மகா எழுத்தாளர் சத்துணவுக் கூடத்தில் திருடுகிற பையனைப்போல இருந்தார்.

"முடிவெட்டாமலே வீட்டுக்கு வந்து சட்டை மாத்திட்டுப் போகலாம்னு வந்தேன். அப்போ இவ என்னை விட்டுட்டுப் போறதா இருந்தா. பெட்டி கட்டியாச்சு. நீகாத்தாவுலேருந்து இவ அண்ணன் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. நான் தப்பு சொல்லல, என்னோட ஆறு வருஷம் இருந்ததே பெரிசு. வீட்டுல நான் பேசினதெல்லாம் ஜன்னலும் உப்பும்தான். என் எழுத்தை இவ ஒரு வரி படிச்சதில்ல, படிக்கவும் நான் சொன்னதில்ல. அன்னிக்குக் கதவைத் திறந்தா, அந்த இதழைக் கையில வச்சிக்கிட்டு நடுக்கூடத்துல உக்காந்திருக்கா. சாப்பாட்டுப் பக்கத்தைக் காட்டி, 'இது நீங்க எழுதினதா?'ன்னு கேட்டா."

"நீங்க?"

"தலையாட்டினேன்." தொப், தொப். "'அப்போ உங்களுக்குத் தெரியும், நம்ம வீட்டுல ஒரு சாவு விழுந்திருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு'ன்னு சொன்னா. பெட்டியைப் பிரிச்சிட்டா. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, கிரியாமா. அவ சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் எப்படி ஆபீசுக்கு வந்து அது என்னுது இல்லன்னு கத்தறது?"

தன்னைக் காப்பாற்றத்தான் அவர் சும்மா இருந்தார் என்று ரயிலில் வரும்போது ஃபுசாயெ ஒரு கணம் ஆசையாக நினைத்திருந்தாள். அதை நினைத்து இப்போது வெட்கமாக இருந்தது.

"அந்தப் பக்கத்தை எழுதினவன்னு என்னை நம்பி ஒருத்தி வீட்டுல இருக்கா. அப்போ நான் அவனா ஆகணுமில்ல? அப்படி ஆகறதுக்குத்தான் மிச்சமெல்லாம் எழுதினேன். இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. 'அவரை' எழுதறப்போதான் கிட்ட வந்துட்டேன்னு தோணிச்சு."

ஃபுசாயெ தன் குறிப்பை மேசையிலிருந்து எடுத்து மடித்தாள். நேர்மை நேர்மை என்று நிமிர்ந்துகொண்டு வந்தவளுக்கு, அது இந்த வீட்டில் யார் தலையில் விழும் என்று இப்போதுதான் தெரிந்தது. "நான் இதைப் போடல, சென்செய். இபுகிகிட்ட நான் பேசிக்கறேன். பழையபடியே போகட்டும்."

நுகாதா அவள் கையிலிருந்து அந்தத் தாளை வாங்கிப் பிரித்து மறுபடி மேசைமேல் வைத்தார்.

"நீ தைரியமா உன் பேரைப் போட்டு எழுதியிருக்க. நான் மட்டும் இன்னும் தலையாட்டிட்டே இருக்கணுமா?" என்றவர், பால்கனிப் பக்கம் திரும்பி, "இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார்.

ஹருயோ மட்டையோடே வந்து உட்கார்ந்தாள். அறுபத்து நான்கு வயது, சிறிய உருவம், தலையில் துண்டு கட்டியிருந்தாள். நுகாதா சொன்னார். அழகாக ஒன்றும் சொல்லவில்லை. வாக்கியம் பாதியில் நின்றது, தேதியைத் தப்பாகச் சொன்னார், முடிவெட்டும் கடையை இரண்டு தடவை சொன்னார். ஆனால் எதையும் விடவில்லை. ஹருயோ அட்டைகளை எடுத்துப் பென்சில் எழுத்தைப் படித்தாள்.

"அப்போ அது நீங்க எழுதல."

"இல்ல."

"நான் கேட்டப்போ தலையாட்டினீங்க."

"ஆட்டினேன். வாயால சொல்லல."

"அதுக்குப் பேரும் பொய்தான்."

"ஆமா."

ஹருயோ ஃபுசாயெ பக்கம் திரும்பினாள். "ஒட்டினது நீங்களா?"

"நான்தான், அம்மா."

ஹருயோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து தலைத் துண்டை அவிழ்த்தாள், சமையலறைக் கொக்கியிலிருந்து கடைத்தெருப் பையை எடுத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். நுகாதாவுக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அன்னிக்குப் பெட்டி. இன்னிக்குப் பை," என்றார்.

"பை சின்னதுதானே, சென்செய்."

"அவ அண்ணன் வீட்டுக்குப் போக ரயில் டிக்கெட் ஒண்ணு போதும். அதுக்கு அந்தப் பை தாராளம்."

மணி பன்னிரண்டரை ஆனது. மெத்தைகள் வெயிலில் கிடந்தன, எடுத்துப் போட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நாளை அச்சுக்கு எதை அனுப்புவது என்று ஃபுசாயெ ஒருமுறை கேட்டாள். "அவ வந்து சொல்லட்டும். வரலன்னா ஐந்தாம் பாகமே வேண்டாம்" என்றார் நுகாதா. அவர் சும்மா சொல்லவில்லை என்று ஃபுசாயெவுக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் ஒருத்தி போய்விட்டால், நாற்பத்தோரு தலைப்பும் தாங்கி நின்ற தரை போய்விடும். அதை உடைக்கத்தானே உறையைத் தூக்கிக்கொண்டு வந்தோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. ஹருயோ நேராகச் சமையலறைக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தாள். மூன்று கானாங்கெளுத்தி, பாதி முள்ளங்கி. முள்ளங்கியைத் துருவ ஆரம்பித்தாள். நுகாதா எழுந்து போய் நிலைப்படியில் நின்றார். உள்ளே போகவில்லை. ஃபுசாயெ அவருக்குப் பின்னால் நின்றாள்.

"கிரியாமா சான்," என்றாள் ஹருயோ திரும்பாமலே. "புத்தகத்துல பழையபடியே போடுங்க. பென்சில்ல இருக்கறது நல்லால்ல. பின்னாடி நடந்ததை நடந்த மாதிரி எழுதிடுங்க. நான் ஏமாந்ததையும் எழுதலாம்."

"சரிங்க, அம்மா."

"நீ இருந்தது அந்தப் பக்கத்துக்காக," என்றார் நுகாதா. திரும்பச் சொன்னார். "அந்தப் பக்கத்துக்காகத்தானே இருந்த."

ஹருயோ துருவுவதை நிறுத்தினாள்.

"மீன் கடைக்குப் போற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சு வயித்தெரிச்சல் பட்டேன். ஒரு பக்கத்துக்காக ஒருத்தி ஒரு மாசம் இருப்பா. ரொம்ப நல்ல பக்கம்னா மூணு மாசம். இருபத்தஞ்சு வருஷம் எவளாவது இருப்பாளா? அந்த ரெண்டு பக்கத்தை இவங்க ஒட்டினாங்க, சரி. அதுக்கப்புறம் மாசா மாசம் வந்ததெல்லாம் யாரு எழுதினது?"

"நான்தான்."

"அதைத்தான் படிச்சிட்டு இருந்தேன்," என்றாள் ஹருயோ. "தட்டு எடுத்து வைங்க."

நுகாதா போய் அலமாரியைத் திறந்தார். தட்டை எடுக்காமல் அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்று அழுதார். ஹருயோ அடுப்பைப் பற்றவைத்து மீனைக் கம்பி வலைமேல் போட்டாள். ஃபுசாயெ தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிக் கையை நீட்டி மூன்று தட்டுகளை எடுத்தாள்.